பெரட்டுக்களத்தில் நீங்கள் பேசிய பேச்சு

நேற்று நானாவின் கடையில் கட்டாக் கருவாடு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள். போன மாதம் உங்கள் நினைவுக் கூட்டத்துக்காக உங்கள் படம் போட்டு அச்சடித்த ரோசா நிற நோட்டீஸ். மிஞ்சிப்போன கட்டை யாரோ கடைக்கு நிறுத்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் மீசையில் எண்ணெய் ஊறியிருந்தது. நெற்றியில் உப்பு. அச்சு மை வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து அடுக்களை முழுதும் அடித்தது. சட்டையில் ஒரு சொட்டு ரசம் பட்டால் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர் நீங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரித்தேன்.

பிறகு நோட்டீசின் அடியில் இருந்த வரியில் கண் போனது. ‘ஐயா அவர்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஆற்றிய அரிய உரையை அன்னாரின் துணைவியார் நினைவிலிருந்து எடுத்துரைப்பார்.’ சிரிப்பு நின்றுபோனது. கருவாட்டை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் போடவும் மனம் வரவில்லை, சுவரில் ஒட்டவும் மனம் வரவில்லை.

அந்த வரியை வாத்தியார் எழுதிக் கொண்டுவந்து காட்டிய அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. நீங்கள் தோட்டத்து வேலையை விட்டுக் கேகாலைக்கு வந்த பிறகு, சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உங்களிடம் பழைய இலக்கியம் கேட்ட அதே இளம் வாத்தியார்தான். “அந்தப் பேச்ச நீங்க நேர்ல இருந்து கேட்டவங்க, அம்மா. நீங்க சொன்னாத்தான் பொருத்தம்” என்றார். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, உங்களைப் போலவே வலது கையைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் தட்டவில்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத்தான் தெரியும். ரப்பர் தோட்டத்தில், ஆபீசான கந்தோருக்குப் பின்னால் இருந்த நம் வீட்டில், மழை பிடித்துக்கொண்டால் விடாமல் பெய்யும் அந்த மாதங்களில் அது வளர்ந்தது. நீங்கள் பெரிய கிளாக்கர். துரைக்கு அடுத்தபடி உங்கள் வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு. சாயங்காலம் கந்தோரைப் பூட்டிவிட்டு வந்ததும் காலுறையைக் கழற்றி, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் விழுந்து ஒரு புத்தகத்தைத் திறப்பீர்கள். சென்னையிலிருந்து கப்பலேறி, ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்கி, தபால் பையில் மலையேறி வந்த புத்தகங்கள். நான் உபதேசியார் மகள். கித்துல்கலப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேதப்புத்தகம் வாசித்துக் காட்டியே வளர்ந்தவள். எழுத்துக்கு நான் பயந்ததில்லை. அதனால் நீங்கள் வாசிக்க, நான் குறுக்கே கேள்வி கேட்க, பாதி நாள் சோறு ஆறிப்போகும்.

உங்களுக்குப் பிடித்தவை மலைப் பாட்டுகள். பழைய கவிகள் நிலத்தைப் பார்த்துத்தான் மனசைச் சொன்னார்கள் என்பீர்கள். காடு என்றால் பெண் காத்திருப்பாள், கடற்கரை என்றால் புலம்புவாள், மலை என்றால் இருவர் கூடுவார்கள். தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண், எங்கிருந்தோ வரும் ஓர் ஆண், அருவி, வேங்கை மரம், வீட்டில் சந்தேகப்படும் தாய், ஊரில் வம்பு பேசும் வாய்கள், கடைசியில் கல்யாணம். 

“ஏங்க, இந்த ரப்பர் மரம் எந்தத் திணையில வரும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மலையில நிக்கிறதெல்லாம் குறிஞ்சிதான்.”

“கப்பல்ல வந்து எறங்குனதுமா?”

“நம்மளும்தான் கப்பல்ல வந்து எறங்குனோம். நம்ம மட்டும் என்ன?”

உங்களோடு வாயாடி ஜெயிக்க முடியாது. ஆனால் எனக்கு அது ஒத்துவரவே இல்லை. பாட்டில் வரும் பெண்ணின் மலை அவள் அப்பனுடையது. அவள் பாட்டுக்குப் பரண்மேல் உட்கார்ந்து கவண் வீசுவாள். நம் மலையில் விடியுமுன் தப்பு அடித்தால், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்கூடப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்க வேண்டும். நிரை நிரையாக நட்ட மரத்தில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. அவள் வெட்டி இறக்கும் பாலும் அவளுடையது இல்லை. இதை நான் சொன்னால், “நீ பாட்டப் பாட்டாப் படி” என்பீர்கள்.

யானையை வைத்து ஒரு சண்டை போட்டோமே. பாட்டில் பெண்கள் தங்களுக்கு நடந்ததை நேரே சொல்லமாட்டார்கள், யானை புகுந்த தினைப்புனம் என்று மலைமேல் வைத்துச் சொல்வார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தீர்கள். என்ன நயம், என்ன நயம் என்று தலையை ஆட்டினீர்கள். அந்த வாரம்தான் கிராமத்துக்காரர்கள் மரம் இழுக்கக் கொண்டுவந்த யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு நம் கொல்லை வாழைக்குள் புகுந்திருந்தது. நான் சன்னலைத் திறந்துவிட்டுச் சொன்னேன்: “நயத்த என்கிட்ட கேக்காதீங்க. அந்தா கெடக்குது பாருங்க வாழ, அதுகிட்ட போய்க் கேளுங்க.” நீங்கள் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

உங்களுக்கு உண்மையான கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து இலக்கணக்காரர்கள், உயர்ந்த காதல் தலைமக்களுக்குத்தான், ஏவல் செய்பவர்களுக்கும் கூலி வேலை செய்பவர்களுக்கும் அதற்குள் இடமில்லை, அவர்களை வெளியே வை என்று வகுத்த இடம். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி நாற்காலிக் கையில் அடித்தீர்கள். “எவன்டா சொன்னான் கூலிக்காரனுக்கு மனசு இல்லன்னு? இந்த லயத்துல வந்து ஒரு நாள் இருந்து பாக்கச் சொல்லு அவன” என்று, செத்து மண்ணாய்ப் போனவர்களோடு மல்லுக்கு நின்றீர்கள். எத்தனை கிளாக்கர்மார் அன்று அப்படி நினைத்தார்கள்? லயத்து வரிசை வீட்டு ஜனங்களை ஆள் கணக்காகப் பார்த்தவர்கள்தான் அதிகம். அந்தக் கோபத்துக்காகவே உங்கள்மேல் எனக்கு ஆசை கூடியது. அதையும் எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

அந்தச் சமயத்தில்தான் வீராயியின் தாய் ஒரு சனிக்கிழமை பின்கட்டில் வந்து நின்றாள். வீராயி பால் வெட்டும் பெண், கல்யாணமாகாதவள். ஓடைக்கரையில் கடைசி நிரை அவளுடைய பங்கு. பெரிய கங்காணியின் மகன், பால் வெட்டும் ஆட்களை மேய்த்த சின்னக் கங்காணி, அங்கே வைத்து அவளைக் கெடுத்துவிட்டான். தாய் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “நாளைக்குப் பெரட்டுக்களத்துல பஞ்சாயத்துங்க. பெரிய கங்காணிதான் ஒக்காருவாரு. மகனுக்கு அவரே நாயம் சொல்லுவாருங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னா மீறமாட்டாருங்கய்யா. நீங்கதான் தொரைகிட்ட எழுதுறவுக” என்றாள். நீங்கள் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தீர்கள். அவள் போன பிறகு புத்தகத்தை எடுத்தீர்கள். விளக்கேற்றும்வரை கீழே வைக்கவில்லை.

மறுநாள் பெரட்டுக்களத்தில் பெரிய கங்காணி நாற்காலியில். உங்களுக்கும் ஒரு நாற்காலி. மற்றவர்கள் எல்லாரும் தரையில். பெண்கள் ஓரமாக, நான் அவர்களுக்குச் சற்று முன்னால் ஒரு பலகையில். வீராயியை நடுவில் நிறுத்திக் கேட்டார்கள். அவள் அழவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“கடைசி நெரையில பால் வெட்டிக்கிட்டு இருந்தேங்க. சின்னக் கங்காணி வந்தாரு. வேணாங்கன்னேன். கையப் புடிச்சாரு. கத்துனேங்க. தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கல.”

அவ்வளவுதான் அவள் பேசியது. பிறகு நீங்கள் எழுந்தீர்கள்.

என்ன பேச்சு அது. மலை, ஓடை, பெண், ஆண் என்று எடுத்தீர்கள். காதல் அரண்மனைக்காரர்களின் தனிச்சொத்து என்று சொன்னவர்களை ஒரு பிடி பிடித்தீர்கள். “கிரீடம் வைத்தவள்தான் தலைவியா? பால் வாளி தூக்குகிறவள் தலைவி ஆகக் கூடாதா? இந்த மலையில் விளைந்த அன்பு இது. இளமை வழி தவறுவதில்லை, தன் வழியைத் தானே கண்டுகொள்கிறது. பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தாலி எடுத்துக் கொடுங்கள்” என்று முடித்தீர்கள். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வைக்கப்பட்டவளை உள்ளே கூட்டிவந்து நடு வீட்டில் உட்கார வைத்துவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். பலகையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீராயி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தத் தமிழ் பாதி புரிந்திருக்காது. யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று தேடுகிற பார்வை அது.

பெரிய கங்காணிக்கு முழுதும் புரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “அய்யா படிச்சவுக. அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும். புள்ள ஆசப்பட்டுத்தான் போயிருக்குது. அப்ப எம் மகன்மேல என்ன குத்தம்? கலியாணமெல்லாம் பாட்டுல நடக்கும், எங்க சாதிக்குள்ள நடக்காது. இந்த மாதிரிப் புள்ள லயத்துல இருந்தா மத்ததும் கெட்டுப்போகும். பேர வெட்டிருவோம்.”

உங்கள் பேச்சில் முன்பாதியை எடுத்துக்கொண்டார், பின்பாதியை வீசிவிட்டார். அவள் ஆசைப்பட்டாள் என்பது நின்றது, தாலி போனது. அதை மறுத்து நீங்கள் பேச வாய் திறந்தீர்கள். “நான் சொன்னது அப்படி இல்ல” என்றீர்கள். ஆனால் அவள் ஆசைப்பட்டாள் என்று சொன்னது நீங்கள்தானே. அதற்குமேல் உங்களால் எங்கே போக முடியும்? கூட்டம் கலைந்துவிட்டது. திங்கட்கிழமை துரை கையெழுத்துப் போட, வீராயி, அவள் தாய், தம்பி மூவரின் பெயரையும் வேலைப் பதிவேட்டிலிருந்து வெட்டியது உங்கள் பேனா. கிளாக்கரின் வேலை அது. மத்தியானம் மூட்டைகளோடு ரம்புக்கனைப் பாதையில் அவர்கள் இறங்கிப் போனதை நான் சன்னலில் இருந்து பார்த்தேன்.

சோறு தின்ன வந்தீர்கள். தின்னவில்லை. பிசைந்துகொண்டே இருந்தீர்கள்.

“என்னங்க இப்படி ஆயிருச்சு?”

“நான் கலியாணம் பண்ணி வைக்கத்தான சொன்னேன். கேட்டானுகளா பாவிக?”

“அவ வேணாம்னு சொன்னாளே.”

“பொண்ணுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாணம். எத்தன பாட்டுல படிச்சிருக்கோம்” என்றீர்கள்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினீர்கள். பாட்டில் அவள் முகத்தைத் திருப்பினால் அது விருப்பம். கோபித்தால் அதுவும் விருப்பம். தோழி வந்து இரவில் வராதே என்றால் பகலில் வா என்று அர்த்தம். பெண் சொல்வது போல இருக்கும். எழுதியது பெரும்பாலும் ஆண். பெண்கள் எழுதியவையும் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள், உண்டுதான், ஆனால் உரை எழுதியவர்கள் எல்லாரும் உங்களைப் போல மீசை வைத்தவர்கள். நீங்கள் போன பிறகு அந்தப் புத்தகங்களை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லி, அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணைத் தேடினேன். பொருந்தாதது, ஒருதலையானது என்று இலக்கணக்காரர்கள் ஒரு மூலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மூலையில் பாட்டு அதிகம் இல்லை. வீராயி சொன்னதைக் கேட்டுக்கொள்ள உங்கள் அலமாரியில் ஒரு புத்தகம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் கேட்பதற்குப் புத்தகம் எதற்கு? அவள் தமிழில்தானே சொன்னாள்.

கேகாலைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எத்தனை சனிக்கிழமை சொன்னீர்கள். நான் உள்ளே இருந்து பிளேன்டித் தேநீர் கலந்துகொண்டே கேட்பேன். ‘தாலி எடுத்துக் கொடுங்கள்’ என்ற இடத்தோடு நிறுத்திவிடுவீர்கள். கங்காணி சொன்ன பதில் வராது. ரம்புக்கனைப் பாதை வராது. கொஞ்சம் கொஞ்சமாக நீங்களே அதை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நோட்டீசைக் காட்டிய அன்று வாத்தியார் என்னிடம் கேட்டார்: “அந்தப் பொண்ணுக்குப் பொறகு எத்தன புள்ளைங்க அம்மா? கங்காணி வீட்ல நல்லா வச்சிருந்தாங்களா?” நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பகல், பின்கதவில் ஒரு பெண் நின்றாள். கையில் குடை, காலில் செம்மண். “கிளாக்கரம்மா” என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டதும் தோட்டம் ஞாபகம் வந்தது, ஆளைத் தெரியவில்லை.

“வீராயிங்க” என்றாள்.

நாற்காலியைக் காட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்தாள். கேகாலை ரோட்டு வேலைக்காரர்களின் லயத்தில் இருக்கிறாளாம். புருஷன் ரோட்டில் கல் போடுகிறவர், நாள் கிழமைகளில் பள்ளிக்கூடத்து ஹாலுக்குப் பெஞ்சு தூக்கப் போவாராம். சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“நாளைக்கு அந்தக் கதையச் சொல்லப் போறீங்களாமே.”

“உன் பேரு வராது வீராயி” என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள்.

“பேரு கெடக்கட்டுங்க. எம் மனுசன் அந்த ஹால்லதான் நிப்பாரு. எந்தத் தோட்டம், எந்தக் களம்னு அவருக்குத் தெரியும். கட்டிக்கிறதுக்கு முந்தியே நடந்தது அம்புட்டையும் நான் சொல்லிட்டேன். அவரு நம்புனாரு. ஊர்ல ஒருத்தர் நம்பல, அவரு நம்புனாரு. அதுலதான் எம் பொழப்பு நிக்கிது. நாளைக்கு நீங்க மேடையில ஏறி, நான் ஆசப்பட்டுப் போனேன்னு நல்ல தமிழ்ல சொன்னீங்கன்னா, அந்த மனுசன் என்ன நெனப்பாரு? படிச்சவங்க சொல்றது பொய்யா இருக்காதுன்னுதான நெனப்பாரு?”

காலையில்தான் கண்ணாடி முன் நின்று கையை உயர்த்திப் பார்த்திருந்தேன்.

“நான் என்ன செய்யணும் சொல்லு.”

“சொல்றதா இருந்தா நான் சொன்னதச் சொல்லுங்க. இல்லாட்டி ஒண்ணும் சொல்லாதீங்க.”

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தாள். கோப்பையை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று முழுதும் மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம், காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம், உங்கள் பெயரும் தப்பும், அவள் பிழைப்பும் தப்பும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நான் போகாவிட்டால் வாத்தியார் எழுந்து சொல்லிவிடுவார். அவருக்கும் அது மனப்பாடம். நீங்கள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள்.

ஹால் நிறைந்திருந்தது. உங்கள் படத்துக்கு மாலை. வாத்தியார் உங்களைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஏழைக்கு இலக்கியத்தில் இடம் கேட்டவர் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஏறினேன். கடைசியில் சுவரோரம் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் வீராயி.

“அவரு அன்னைக்குப் பேசுனது எனக்கு இன்னும் மனப்பாடம்” என்றேன். “அவரு எந்திரிக்கிறதுக்கு முந்தி அந்தப் பொண்ணு பேசுனதும் மனப்பாடம். இன்னைக்கு அதத்தான் சொல்லப் போறேன்.”

சொன்னேன். அவள் சொன்னபடியே, லயத்துப் பேச்சிலேயே, திருத்தாமல் சொன்னேன். யாரோ இருமினார்கள். வாத்தியார் பக்கத்தில் வந்து, “அம்மா, ஐயாவோட உரைய...” என்று மெதுவாகச் சொன்னார். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அவரு உரையில அந்தப் பொண்ணு ஆசப்பட்டான்னு வரும், தம்பி. அவ ஆசப்படல. கல்யாணமும் நடக்கல. வேலைய விட்டுத் தொரத்துனாங்க. என் வீட்டுக்காரரு நல்லவரு. அன்னைக்கு அவரு பேசுனது தப்பு.”

இறங்கிவிட்டேன். அவசர அவசரமாக ஜெபத்தைச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். என் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. செத்த புருஷனை மேடையில் ஏற்றி அடித்தவள் என்று இப்போது ஊரில் எனக்குப் பெயர். சனிக்கிழமைகளில் வாத்தியார் வருவதில்லை. அது போகட்டும். அவர்கள் திட்டுவதால் எனக்கு வெட்கமில்லை.

வெளியே வந்தபோது வீராயியும் அவள் புருஷனும் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் கையில் இருந்த பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துவிட்டேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

“ஒண்ணு கேக்கணும் கிளாக்கரம்மா. நீங்க சொன்னதுக்கு இம்புட்டு நேரங்கூட ஆகல. இத அன்னைக்கு அவரு சொல்லியிருந்தா பெரிய கங்காணி கேட்டிருப்பாருதான? நான் சொன்னது அவரு காதுல விழுந்திச்சா, விழலையா?”

கோபமாகக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பெஞ்சு தூக்கப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். அன்று களத்தில் எல்லாரும் வீராயியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ‘கையப் புடிச்சாரு’ என்று சொல்லும்போது உங்கள் கண் லயக் கூரைகளுக்கு மேலே மலையில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பேசப் போவதை மனதுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இடையில் ஒரு சொல்லை மாற்றினீர்கள் போல, லேசாகச் சிரித்துக்கொண்டீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்த சிரிப்பு. அதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. இன்று, இந்த நோட்டீசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.